குறைச்சுக் காட்டுற மிஷின்

கட்டிலில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இம்மானுவேல். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில், கறிக்குழம்பு விரலை இன்னும் சப்பிக்கொண்டு அவன் அப்பா சாலமோன். தரையில், மூன்று டப்பாக்களைப் பிரித்துப் பரப்பிக்கொண்டு அவன் மனைவி கங்கம்மாவின் தம்பி ஜோஷ்வா. கங்கம்மாவுக்கு மட்டும் இடமில்லை. சமையலறை வாசலில் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாப்பாடும் ஆகியிருந்தது.

கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் இம்மானுவேல் கிரேன் ஓட்டுகிறான். உருக்கிய இரும்பை வாளியோடு தூக்கி, ஆட்களின் தலைக்கு மேலே கொண்டுபோகிற வேலை. போன வாரம் கம்பெனி டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ஊட்டுக்கு ஒரு மிஷின் வாங்கு. ஒரு வாரம் பாத்து எழுதிக்கினு வா. அப்புறம் மேல கிரேன்ல ஏத்தலாமா வேணாமான்னு சொல்றேன்."

ஜோஷ்வாவுக்கு மீஞ்சூர் மருந்துக்கடையில் வேலை. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிவிடலாம் என்று மூன்றையும் தூக்கி வந்திருந்தான்.

முதல் மிஷினின் பட்டையை இம்மானுவேலின் புஜத்தில் சுற்றினான். நூற்று அறுபத்தெட்டு. இரண்டாவதும் புஜத்தில் சுற்றுவதுதான். நூற்று அறுபத்தாறு.

"இன்னாடா, ரெண்டும் பேசி வெச்சிக்கினு வந்த மாதிரி காட்டுது?" என்றார் சாலமோன்.

மூன்றாவது, மணிக்கட்டில் கட்டுவது. அது இறுக்கிக்கொண்டிருக்கும்போதே இம்மானுவேல் அலுப்பில் அந்தக் கையைத் தலைமேல் போட்டுக்கொண்டான். நூற்று முப்பத்திரண்டு.

"அப்பிடிப் போடு!" ஜோஷ்வா தொடையைத் தட்டினான். "மாமா, இதான் உனுக்கு ராசியான மிஷின்!"

"ஸ்தோத்திரம்," என்றார் சாலமோன், விரலை வாயிலிருந்து எடுக்காமலே.

கங்கம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். வியர்வையில் ஊறிப் பிசுபிசுத்த பட்டைகள், கறி வாடை, மூன்று பேரின் இளிப்பு.

"நெஞ்சுக்கு நேரா கைய வெக்கணும்னு டப்பாவுல படமே போட்டுக்கீறான். தலைமேல வெச்சா கொறைச்சுத்தான் காட்டும். கைய எறக்கிட்டுப் பாருங்க."

"அக்கா, நீ எப்போ டாக்டருக்குப் படிச்ச?"

"படம் பாக்கறதுக்கு டாக்டருக்குப் படிக்கணுமாடா?"

சாலமோன் குறுக்கே வந்தார். "கீழ எறக்குனா தொடப்பத்தக் குடுத்துருவானுங்கம்மா. கிரேன் டிரைவர் தொடப்பம் புடிச்சா ஊர் சிரிக்காது?"

"மாமா, முந்தாநேத்து உங்க புள்ள தல சுத்தி பாத்ரூம் செவுத்தப் புடிச்சிக்கினு நின்னாரே, அது மேல நடந்திருந்தா? வாளிக்குக் கீழ நிக்கிறவனுக்கும் ஊட்ல பொண்டாட்டி கீறா."

இம்மானுவேல் மணிக்கட்டு மிஷினைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதே இருக்கட்டும்," என்றான்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் ஒரே கூத்து. பறிகொடுத்தவன் மாதிரி தலைமேல் கையை வைத்துக்கொண்டு உட்காருவான். வந்த எண்ணைக் கூசாமல் எழுதிக்கொள்வான். அந்தக் கையைப் பார்த்தபடி அவளால் சோறு பிசைய முடியவில்லை. புதன்கிழமை தட்டை அப்படியே நகர்த்தி வைத்துவிட்டாள்.

"டாக்டருக்கு நான் எழுதப் போறேன்."

"எழுது, எழுது. அப்பிடியே கோயில் போர்டுலயும் ஒட்டிடு," என்று சிரித்தான்.

பொன்னேரிப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடியே எழுதினாள். அனுப்புநர், பெறுநர், பொருள். மூன்று மிஷின், மூன்று எண், கை எங்கே இருந்தது என்பது, பாத்ரூம் சுவர், எல்லாம் வரிசையாக. கடைசியில்: 'ஐயா, அவர் கொண்டுவரும் தாளை நம்ப வேண்டாம். தாங்களே அவர் கையை நெஞ்சுக்கு நேராக வைத்துப் பார்க்கவும். துடைப்பம் கொடுத்தாலும் சரி, அவரை மேலே ஏற்ற வேண்டாம்.' கீழே முழுப் பெயரும் போட்டாள்.

எழுதியதை அவன் முன்னால் வைத்தாள். படித்தான், சிரிப்பு நின்றது.

"புருசனக் காட்டிக் குடுக்கறியா? த்தூ."

"நானும் அதான் துப்பிக்கினு கீறேன், ஞாயித்துக்கெழமலருந்து."

மறுநாள் மீஞ்சூர் தபாலாபீசில், ஈ செத்துக் கிடந்த பசை டப்பாவில் ஓரமாக விரலை விட்டு உறையை ஒட்டினாள். நன்றாக அழுத்தித் தேய்த்து, பதிவுத் தபாலில் போடச் சொல்லி ஜன்னலுக்குள் நீட்டினாள். உள்ளே இருந்தவர் முத்திரையை ஓங்கிக் குத்தினார்.