மேகத்தை விட்டுவரப் போன ஞாயிற்றுக்கிழமை

கீழ்வீட்டு இளையவள் மலையுச்சி மடாலயத்துக்குப் போய்த் திரும்பிய மாலையில், அவளோடு ஒரு மேகமும் பேருந்தைவிட்டு இறங்கியது. பெரிய மேகம் ஒன்றுமில்லை; ஒரு மெத்தையை இரண்டாக மடித்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான். நிறுத்தத்தில் நின்றவர்கள் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு வெங்காய விலையைப் பற்றிய பேச்சைத் தொடர்ந்தார்கள். மேகம் அவள் தலைக்கு ஒரு முழம் மேலே மிதந்தபடி தெருவைக் கடந்து, கதவு திறக்கும்வரை வாசலில் காத்திருந்து, உள்ளே போய்க் கூடத்து மின்விசிறிக்குப் பக்கத்தில் தங்கிக்கொண்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் மின்விசிறி போடுவதில்லை.

இதை மாடிப்படி வளைவில் நின்று பார்த்தவள் மேல்வீட்டு மூத்தவள். இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள். மூத்தவள் நகரப் பேருந்துப் பணிமனையில் எந்த வண்டி எப்போது எங்கே புறப்பட வேண்டும் என்று நேர அட்டவணை போடுகிறவள். அவள் நாற்காலிக்கு எதிரே இருந்த சன்னலில் அந்த மலை முழுசாகத் தெரியும். உச்சியில் மடம் ஒரு வெள்ளைப் பல் மாதிரி நிற்கும். கல்யாணமாகி வந்த புதிதிலேயே ஒருநாள் போய்வர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள். ஆனால் அவளால் எதையும் சும்மா செய்ய முடியாது. மாமியாரின் முட்டிவலி குறையட்டும், கணவனுக்கு விடுப்புக் கிடைக்கட்டும், மலைப்பாதைக்குத் தார் போடட்டும் என்று தள்ளித் தள்ளி, தலையில் நரையும் விழுந்துவிட்டது. இளையவளோ செருப்புக்கடையில் நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்து அளவு பார்க்கிறவள். ஒருநாள் அரைநாள் வேலை முடிந்த களைப்பில் தப்பான பேருந்தில் ஏறித் தூங்கிப்போய், நடத்துநர் எழுப்பியபோது மலையடிவாரத்தில் இருந்தாள். வந்ததுதான் வந்தோம் என்று மேலே ஏறிப் பார்த்துவிட்டு வந்துவிட்டாள். அந்தத் தடத்தை அந்த வாரம்தான் மாற்றிப் போட்டிருந்தார்கள். மாற்றியது மூத்தவளே.

மேகம் சாதுவானது. இளையவள் கடைக்குப் போனால் கூடவே போய் வெளியே விளம்பரப் பலகையோரம் காத்திருக்கும். திரும்பினால் கூடவே வரும். காலையில் சன்னல் தொட்டிச் செடிகளுக்கு மட்டும் கொஞ்சம் தூறும். கோடை கடுமையாக இருந்த அந்த வருடம், மேல்வீட்டில் அத்தனை காலம் மூத்தவளின் கையால் சாப்பிட்ட மாமியார், "ரெண்டு நாள் கீழ படுத்துக்கிறேம்மா, உடம்பு அனலா கொதிக்குது" என்று தலையணையோடு இறங்கிப் போனாள். ரெண்டு நாள் கழித்து மருந்து டப்பாவும் போனது. மாதக் கடைசியில் கட்டிலே போனது. தூக்கிக்கொண்டு போனவன் மூத்தவளின் கணவன். அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்து அளவு சரிசெய்கிறவன். அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சாயங்காலம் கீழே போவான். திரும்பி வரும்போது அவன் கண்ணாடி இரண்டிலும் பனி படிந்திருக்கும். துடைக்காமலே சாப்பாட்டில் உட்காருவான், எதையோ நினைத்துச் சிரித்துக்கொள்வான். அந்தப் பனி தானாகக் கலையும்வரை மூத்தவள் அவனிடம் பேச மாட்டாள். தரைக்குக் கீழிருந்து சிரிப்புச் சத்தம் வரும்போது பாத்திரங்களைக் கொஞ்சம் பலமாகவே கழுவுவாள். தன் வீட்டுச் சன்னலைத் திறந்துவைத்துப் பார்த்தாள், ஈரத்துணி தொங்கவிட்டுப் பார்த்தாள், யாருமில்லாத நேரத்தில் உத்தரத்தைப் பார்த்து "இங்கயும் இடம் இருக்கு" என்று சொல்லியும் பார்த்தாள். வந்தது கொசுதான்.

மூன்றாவது கோடையில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. குடும்பத்தோடு ஒருநாள் மலைமடத்துக்குப் போவது. இளையவள் வந்தால் மேகமும் வரும். வந்தால், பிறந்த இடத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் நிற்கவைக்க வேண்டும். இத்தனை வருடம் போடாத திட்டத்தை அவள் பத்தே நாளில் போட்டு முடித்தாள். ஓட்டுவதற்கு இளையவளின் கணவன் இருந்தான். தண்ணீர்ப் பம்பு விற்க ஊர் ஊராக அலைகிறவன், எந்த மலைப்பாதைக்கும் அஞ்சாதவன். அவனுடைய கம்பெனி வேனையே கேட்டு வாங்கச் சொன்னாள். மாமியாருக்கு வாந்தி வராமலிருக்க முன்சீட்டு, மடியில் ஆரஞ்சுத் தோல். ரொட்டி, அவித்த முட்டை, பிளாஸ்கில் தேநீர். பிறகு பணிமனைத் தொலைபேசியிலிருந்து மடத்துக்கே பேசினாள். வயதானவர்கள் படியேற முடியாதே என்றதற்கு, மாவு மூட்டை ஏற்றும் கூடை இருக்கிறது, கப்பியில் இழுத்துக்கொள்வோம் என்றார் வாயில் காக்கும் துறவி. மேகங்களைப் பிரார்த்தனைக் கூடத்துக்குள் விடுவதுண்டா என்று கேட்டாள். ஓவியங்கள் நனைந்துவிடும், விடுவதில்லை என்றார். கடைசியாக, கூடத்துக்கு வேறு வாசல் ஏதாவது உண்டா என்று கேட்டாள். அடுப்படிப் பக்கம் ஒரு பின்வாசல் உண்டு, நேரே வண்டி நிற்கும் இடத்துக்கு இறங்கலாம் என்றார். ரொம்ப நன்றி என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.

இளையவளுக்குத் தலைகால் புரியவில்லை. "நீங்களா அக்கா கூப்பிடறீங்க? நான் அன்னிக்குத் தூக்கக் கலக்கத்துல எதையும் சரியாவே பார்க்கல. உங்களோட போனாத்தான் எல்லாம் ஒழுங்கா பார்க்க முடியும்" என்றாள். இப்படி வஞ்சகமில்லாமல் பேசுகிறவளிடம் கோபப்படக்கூட வழியில்லையே என்று மூத்தவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அட்டவணைப்படி நடந்தது. மேகம் வேனின் கூரைமேல் படுத்துக்கொண்டு வந்தது. மாமியாரைக் கூடையில் உட்காரவைத்து இழுத்தபோது, பாதி உயரத்தில் அவள் "இன்னும் கொஞ்சம் மெதுவா இழுங்கப்பா, நல்லா காத்து வருது" என்று கத்தினாள். மடத்து முற்றத்தில் ஆட்டுமந்தை போல மேகங்கள் அடைந்து கிடந்தன. துறவிகள் அவற்றை லேசாக ஒதுக்கிவிட்டுக் கீழே பெருக்கிக்கொண்டிருந்தார்கள். இளையவளின் மேகம் வாசற்படியில் கொஞ்சம் தயங்கிப் பிறகு கூட்டத்தோடு போய் நின்றது. மூத்தவள் இளையவளின் கையைப் பிடித்துக் கூடத்துக்குள் அழைத்துப் போனாள். சுவரோவியங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். இளையவள் வாயைப் பிளந்து கேட்டாள். அவ்வளவு நேரம் அவர்கள் இருவரும் சேர்ந்து இருந்ததே இல்லை. கடைசி ஓவியம் முடிந்ததும், "இப்படிப் போனா சீக்கிரம் இறங்கிடலாம்" என்று அடுப்படி வழியாகக் கூட்டிப் போனாள். முன்னே கூடையில் இறங்கிய மாமியாரும் மற்றவர்களும் வேனில் காத்திருந்தார்கள். இருட்டுவதற்குள் மலையிறங்க வேண்டும் என்று மூத்தவள் அவசரப்படுத்தினாள். வேன் கிளம்பியது.

இரண்டு வளைவு தாண்டித்தான் இளையவள் தலையை வெளியே நீட்டிக் கூரையைப் பார்த்தாள். "அக்கா, அதைக் காணோம்."

"அதோட ஊராச்சே. தங்கிடுச்சு போல."

இளையவள் மலையைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது, ஆனால் வழியவில்லை. "சரிதான், அங்க அதுக்குக் கூட்டாளிங்க நிறைய. நம்ம வீட்டுல தனியா எத்தனை நாள்தான் இருக்கும்" என்றாள். அடுத்த வளைவில் மூத்தவளின் தோளிலேயே சாய்ந்து தூங்கிப்போனாள். மூத்தவள் அந்தத் தூக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேகத்தைப் பறித்தாயிற்று. இதை எப்படிப் பறிப்பது? பின்சீட்டிலிருந்த கணவனின் கண்ணாடியில் அன்று பனி இல்லை. அவன் அவளை வெகுநேரம் பார்த்துவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "அந்தப் பின்வாசல் உனக்கு எப்படித் தெரியும்?" என்றான். அவள் ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்தாள்.

மேகம் போன பிறகு மாமியார் மேலே வந்துவிடுவாள் என்று மூத்தவள் கட்டில் போட இடம் ஒழித்து வைத்தாள். மாமியார் வரவில்லை. கீழ்வீட்டில் இப்போது மின்விசிறி சுற்றியது, புழுக்கம் தாங்கவில்லை, இருந்தும் அங்கேயே விசிறிக்கொண்டு கிடந்தாள். கணவனும் முன்போலவே சாயங்காலம் இறங்கிப் போனான். வியர்வையோடு திரும்பி வந்தான், எதையோ நினைத்துச் சிரித்துக்கொண்டான். கீழிருந்து சிரிப்புச் சத்தம் நிற்கவே இல்லை. ஒருநாள் அவள் பொறுக்கமாட்டாமல், "அங்க அப்படி என்னதான் இருக்கு? அதுதான் போயிடுச்சே!" என்று கேட்டாள். "ஒண்ணும் இல்ல. பால் பொங்கி அடுப்பு அணைஞ்சுது, எல்லாரும் சிரிச்சோம். நீயும் வந்திருக்கலாம். யாரும் உன்னை வேண்டாம்னு சொல்லலையே" என்றான் அவன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை என்பது உண்மைதான். வா என்று கூப்பிட்டதும் உண்டு. அட்டவணை போட வேண்டும், தலைவலி, துணி ஊறுகிறது என்று ஒவ்வொரு தடவையும் மறுத்தவள் அவளேதான்.

மறுநாள் பணிமனைக்குப் போகிற வழியில், மலைக்குப் போகும் வண்டி எதிரே வந்து நின்றது. அவள் கையில் குடையில்லை, சாப்பாடில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. ஏறிவிட்டாள். மடத்து முற்றத்தில் மேகங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை, எதைச் சொல்லிக் கூப்பிடுவது? "வா, வீட்டுக்குப் போலாம்" என்றாள். ஒன்றும் அசையவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. கல்லில் உட்கார்ந்து வாய்க்கு வந்தபடி பேசினாள். திட்டம் போட்டது நான், போனது அவள். ஆக்கிப்போட்டது நான், கட்டில் போனது அவள் வீட்டுக்கு. ஒரு சாமானை ஒழுங்காக வைக்கத் தெரியாதவளைச் சுற்றி எல்லாரும் உட்காருகிறார்கள், என்னைச் சுற்றி எந்த நாய் உட்கார்ந்தது. உன்னைப் பிரித்ததும் நான்தான், போதுமா, என்றாள். பெருக்கிக்கொண்டிருந்த துறவி துடைப்பத்தை நிறுத்திக் கேட்டுவிட்டு மறுபடி பெருக்கினார். தொண்டை வறண்டு அவள் எழுந்தபோது, மூலையிலிருந்த ஒரு மேகமும் எழுந்தது. அதே மேகம்தானா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. பேருந்தில் அவள் அதற்குச் சன்னலோர இருக்கையைக் கொடுத்தாள்.

வழியெல்லாம் ஒரு சபலம் இருந்தது. இது என்னோடு வந்த மேகம், என் வீட்டுக்குத்தான் வரும். ஆனால் கீழ்வீட்டு வாசலுக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது. கதவைத் தட்டினாள். இளையவள் மாவுக் கையோடு வந்து பார்த்தாள். "ஐயோ அக்கா, வந்துடுச்சா!"

"தானா ஒண்ணும் வரல. நான்தான் போய்க் கூட்டிட்டு வந்தேன். விட்டுட்டு வந்ததும் நான்தான்."

இளையவள் மாவுக் கையைச் சேலையில் துடைத்தாள். "தெரியும்க்கா. மாமா மறுநாளே சொல்லிட்டாரு" என்றாள். "நீங்க வந்து சொல்வீங்கன்னு பார்த்தேன். சொல்லலையேன்னு ரெண்டு நாள் அழுதேன். அப்புறம் மறந்துட்டேன்."

மேகம் கீழ்வீட்டுக்குள் போகவில்லை, மேல்வீட்டுக்கும் ஏறவில்லை. இரண்டுக்கும் நடுவே, மாடிப்படி திரும்புகிற இடத்தில் நின்றுகொண்டது. சாயங்காலம் மாமியார் தன் நாற்காலியை அங்கே போடச் சொன்னாள். கணவன் கீழ்ப்படியில் உட்கார்ந்தான். தம்பி வெளியூர் அலைச்சல் முடிந்து வந்தால் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டான். கூடமே படிக்கட்டுக்கு இடம்பெயர்ந்துவிட்டதால் மூத்தவளுக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. அவளும் ஒரு மணையைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டாள். இன்றும் தினம் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, மேகம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்கிறாள். கீழ்ப்பக்கம் சாய்ந்திருந்தால் மதியம்வரை யாரோடும் பேச்சில்லை. வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும், அன்றைக்குத் தேநீரைக் கொஞ்சம் சர்க்கரை கூட்டிக் கொடுக்கிறார்கள். படி ஈரமாகி வழுக்குகிறது என்று எதிர்வீட்டுக்காரர் புகார் சொன்னபோது, வீட்டு உரிமையாளர் கொத்தனாரோடு வந்து பார்த்தார். மேகத்தை அண்ணாந்து பார்த்து, இது போகிற மாதிரி தெரியவில்லை என்றார். தண்ணீர் வடிய அந்தத் திருப்பத்தில் ஒரு குழாய் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.