ஆளில்லாத தீவு

மஜூரோ தீவுப் பள்ளிக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்த உலக வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டியதும் ஆசிரியை ஹெர்டினாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வல்லரசு ஒன்று அணுகுண்டு வெடித்துப் பார்த்த பிகினி, ஆளில்லாத தீவாம். அவள் அப்பா பிறந்த தீவு அது.

நேரே தலைமையாசிரியர் ஜோர்லாங்கிடம் போனாள்.

"ஆளில்லையாம் சார்! அப்ப குண்டு வெடிக்கிறதுக்கு முன்னாடி கப்பல்ல ஏத்தி அனுப்பினாங்களே, யாரை? நண்டையா?"

"கத்தாதேம்மா. பரீட்சைல இதைத்தான் கேப்பாங்க. பிள்ளைங்களுக்கு மார்க்கு போயிடும்."

"போகட்டும். பொய்ய நான் சொல்லித்தர மாட்டேன்."

நடந்ததை நடந்தபடியே வகுப்பில் சொன்னாள். பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. அங்கே மக்கள் வாழ்ந்தார்கள் என்றே எல்லாப் பிள்ளைகளும் எழுதினார்கள். வெளிநாட்டில் திருத்தியவர்கள் அத்தனையையும் தவறென்று அடித்திருந்தார்கள்.

அந்தச் சிவப்புக் கோடுகளைப் பார்த்ததும் ஜோர்லாங்கின் முகம் இறுகியது.

"புத்தகத்தையெல்லாம் கட்டும்மா. அனுப்பினவங்களுக்கே திருப்பி அனுப்பிடுவோம்" என்றார்.