கப்பலில் பிறந்தவளின் நட்சத்திரம்

விக்ரமன் கடைசி எபிசோடை எங்களுக்குத் தெரியாமல் பார்த்துவிட்டான் என்று நான் முடிவு கட்டியது ஞாயிறு காலை, அவன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒற்றை வரியைப் படித்தபோது. “ஃபைனலுக்கு நான் வரல. நீங்க பாருங்க.”

அந்த எபிசோட் இன்னும் வெளிவரவே இல்லை. வருகிற சனிக்கிழமைதான் வரும். ஆனால் விக்ரமனின் குடும்பத்துக்குப் புறக்கோட்டையில் மின்சாமான் கடை இருக்கிறது. கப்பலில் ஏற்றாத சாமானும் புறக்கோட்டைக்கு வந்துசேரும். எவனாவது ஒருவன் பென் டிரைவை நீட்டியிருப்பான், இவனும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கியிருப்பான். ஒன்றாகத்தான் பார்ப்போம் என்று கொச்சிக்கடை அந்தோனியார் மேல் சத்தியம் பண்ணியவன். திருநீறு பூசாமல் படியிறங்காத வீட்டுப் பிள்ளை அந்தோனியாரைச் சாட்சிக்கு இழுத்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

நான் சந்தேகக்காரிதான், அதை மறைக்கவில்லை. காப்புறுதிக் கம்பனி ஒன்றில் இழப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்ப்பது என் வேலை. சனங்கள் சொல்வதை உடனே நம்பாமல் இருப்பதற்கு மாதாமாதம் சம்பளம் தருகிறார்கள். அந்தப் பழக்கம் வீட்டுக்கு வரும்போது வாசலில் செருப்போடு கழன்றுவிடுவதில்லை.

இரண்டு வருடமாகச் சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் வெள்ளவத்தை ஃப்ளட்டில் ‘ஃபார் லான்டர்ன்’ தொடரைப் பார்க்கிறோம். நான், கீழ் மாடி நிருஷா, கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் பிடித்து வரும் விக்ரமன், அம்மா இறந்தபின் என்னோடு மட்டும் இருக்கும் என் அப்பா சிவபாதசுந்தரம். அப்பா பேப்பரை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டுதான் இருப்பார், ஆனால் ஒரு பக்கமும் புரளாது. கடற்கரைப் பக்கம் ரயில் போகும்போது யன்னல்கள் ஆடுகிற ஆட்டத்தில் வசனம் கேட்காது. ஆகவே ரயில் வந்தால் படத்தை நிறுத்திவிடுவோம். சண்டையெல்லாம் அந்த இடைவெளியில்தான் நடக்கும்.

சண்டை ஒரு கதவைப் பற்றியது. தொடரில் ஒரு விண்கப்பல். அதில் தாலியா என்று ஒரு பொறியியலாளர், அந்தக் கப்பலிலேயே பிறந்தவள், பூமியைக் கண்ணால் கண்டதில்லை. தாயும் தகப்பனும் செத்தபின் அவளை வளர்த்தது கப்பலின் கம்ப்யூட்டர். கப்டன் ஓரின் பழுதுபார்க்க வெளியே போனவன், இப்போது கதவுக்கு அப்பால் நின்று திறக்கச் சொல்கிறான். கம்ப்யூட்டர் விடவில்லை. வெளியே நிற்பது ஓரின் அல்ல, ஓரினைப் போல ஒன்று, திறந்தால் நீ செத்தாய் என்கிறது. தாலியா திறப்பாளா, மாட்டாளா? உலகம் முழுக்க ரசிகர்கள் இதைத்தான் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஓரின் இடக்கையால் தட்டுகிறவன் அல்ல, ஆகவே அது போலிதான் என்பது நிருஷாவின் கட்சி. கம்ப்யூட்டர் முதல் எபிசோடிலிருந்து ஒரு பொய்யும் சொன்னதில்லை, ஆகவே அதை நம்பத்தான் வேண்டும் என்பது என் கட்சி. விக்ரமன் மட்டும் தலைகீழாக நின்றான்.

“அந்த மிஷின் பொய் சொல்லுது” என்பான். “அவள வளத்தது அதுதான். கதவத் தொறந்தா அவ போயிருவான்னு அதுக்குப் பயம்.”

“மெஷினுக்கு என்னத்தப் பயம்?” என்று நான் ஏறி விழுவேன். அப்பா பேப்பருக்குப் பின்னால் செருமுவார்.

போன சனிக்கிழமை எபிசோட் தொடங்குமுன் நான் காலி வீதிக் கடைக்கு ரோல்ஸ் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது விக்ரமன் அறை வாங்கியவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். என் கண்ணைப் பார்க்கவில்லை, ரோல்ஸைத் தொடவில்லை. ரயில் வந்தது. வேண்டுமென்றே கம்ப்யூட்டரைப் புகழ்ந்து அவனைச் சீண்டிப் பார்த்தேன்.

“நீங்க சொல்றதுதான் சரி போல” என்றான்.

இரண்டு வருடத்தில் அவன் எனக்கு ஒரு அங்குலம் விட்டுத்தந்ததில்லை. வாதாடுகிறவன் திடீரென்று வாயை மூடினால் ஒன்று வழக்கறிஞர் சொல்லியிருக்க வேண்டும், அல்லது முடிவு தெரிந்திருக்க வேண்டும். அவனுக்கு வழக்கறிஞர் இல்லை.

திங்கட்கிழமை வேலை விட்டதும் நேரே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அவனுடைய அம்மா ராஜராஜேஸ்வரிதான் கதவைத் திறந்தார். என்னைக் கண்டதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “நீ நல்லா இருக்கணும்மா, தீர்க்காயுசா இருக்கணும்” என்றார். கண் கலங்கியிருந்தது. ஒரு டிவி முடிவைத் திருட்டாகப் பார்த்ததற்குத் தாய் ஏன் அழ வேண்டும்? இது பெரிய கூட்டுச்சதியாக இருக்கிறதே என்று பட்டது.

விக்ரமன் கீழே வந்தான். வீதியோரமாக நின்றோம்.

“பாத்திட்டீங்களோ?”

“எத?”

“நடிக்காதேங்கோ. கடைசி எபிசோடை.”

“நான் ஒண்ணும் பாக்கல அருந்ததி. சத்தியமா.”

“பிறகேன் வரேல்லை?”

அவன் தெருவைப் பார்த்தான். “வந்து வந்து பாத்துட்டிருந்தா எனக்குக் கஷ்டம். வேற ஒண்ணும் கேக்காதீங்க” என்றான். பிறகு, “உடம்பப் பாத்துக்குங்க” என்று சேர்த்துக்கொண்டான், ஆஸ்பத்திரியில் கிடக்கிறவளுக்குச் சொல்வதைப் போல.

நான் திரும்பிப் போய்ப் பஸ் ஏறிவிட்டேன். கோபம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பஸ் கொள்ளுப்பிட்டி தாண்டும்போது கண்ணால் தண்ணீர் வழிந்தது. ஒரு தொடர் நாடகத்துக்கு யாராவது இப்படி அழுவார்களா என்று எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்தது.

லிஃப்ட் வாசலில் நிருஷா நின்றாள். அவளையும் விசாரித்தேன்.

“போன சனி நான் கடைக்குப் போனாப் பிறகு என்ன நடந்தது?”

“ஒண்டும் இல்லையக்கா. விக்ரமன் ஒரு பகிடி விட்டவர். தாலியாவுக்கும் ஓரினுக்கும் பொருத்தம் இருக்கோ எண்டு பாத்தா முடிவு தெரிஞ்சிடுமாம். உங்கட அப்பாட்டை ரெண்டு பேரின்ர குறிப்பையும் சொல்லிப் பாக்கச் சொன்னவர். நான் அதை ஃபேன் குரூப்பில போட, எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சவை.”

குறிப்பு என்றால் எங்களுக்குச் சாதகம். அப்பா நில அளவைத் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சல்லி வாங்காமல் சாதகம் பார்ப்பார். ஒரு புள்ளியைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். சொந்தத் தங்கையின் மகளுக்கு வந்த லண்டன் சம்பந்தத்தையே பொருந்தாது என்று முகத்துக்கு நேரே சொன்னவர். அத்தை இன்றுவரை எங்கள் படி மிதிப்பதில்லை. அவர் சொன்னால் வெள்ளவத்தையில் யாரும் இரண்டாம் ஆளிடம் காட்டுவதில்லை.

“தாலியாவுக்கு என்ன நட்சத்திரமாம்?” என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டேன்.

“ரோகிணி. துலா லக்கினம், ஏழில செவ்வாய். ஓரின் உத்தரம், எட்டில செவ்வாய். அங்கிள் டக்கெண்டு சொல்லிட்டார், ரெண்டும் கழுத்து ரச்சு, கட்டினா பொம்பிளையின்ர உயிருக்கு ஆகாது எண்டு.”

லிஃப்ட் வந்தது. நான் ஏறவில்லை.

கப்பலில் பிறந்தவளுக்கு ஏது ரோகிணி? பிறந்த நேரத்தில் சந்திரன் எங்கே நின்றது என்று பார்த்துத்தானே நட்சத்திரம் சொல்வது. அவள் பிறந்த இடத்தில் சந்திரனே இல்லை. ரோகிணி, துலா லக்கினம், ஏழில் செவ்வாய் என்பது நான். ஏழில் செவ்வாய் என்று சொல்லி ஒவ்வொரு சம்பந்தமும் தட்டிப்போன போதெல்லாம் விக்ரமனிடம்தான் கொட்டித் தீர்த்திருக்கிறேன். அவன் ஒரு எழுத்து விடாமல் நினைவில் வைத்திருந்திருக்கிறான். அப்படியென்றால் அந்த உத்தரம் அவனுடையது.

என் முகம் சூடாகிவிட்டது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் குறிப்பைக் கொண்டுபோய் நீட்டியதற்கு அவனுக்குத் தனியாக இருக்கிறது. கேட்டிருந்தால் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன் என்பது அந்த லிஃப்ட் வாசலில்தான் எனக்கே தெரிந்தது. அந்தத் தாய் ஏன் கையைப் பிடித்தார் என்பதும் தெரிந்தது. என்னைக் கட்டினால் நான் செத்துப்போவேன் என்று நம்பி ஒதுங்கியிருக்கிறான், மடையன்.

பிறகுதான் மற்றது உறைத்தது. பத்து வருடமாகக் கல்யாணப் பேச்சில் கிடந்து உழன்றவளுக்கு ரச்சுக் கணக்கு வாய்ப்பாடு மாதிரி. ரோகிணி கழுத்து. உத்தரம் கழுத்தில்லை, வயிறு. வேறு வேறு ரச்சு, இரண்டும் ஒன்றாக விழுந்தால்தான் ஆகாது. செவ்வாய்க்குச் செவ்வாயும் பொருந்துகிறது. என் குறிப்புக்கு இத்தனை காலம் அப்பா வலை வீசித் தேடியதே இப்படி ஒன்றைத்தான். அப்பாவுக்கா பிழைக்கும்? நிருஷா என்னவோ கேட்டாள். நான் மாடிப்படியால் ஏறி ஓடினேன்.

அப்பா ஹோலில் உட்கார்ந்து டெப்லெட்டில் யாரோ ஒரு ரசிகனின் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே கதவு, அதே கேள்வி.

“அப்பா, தாலியாவுக்கும் ஓரினுக்கும் பொருத்தம் பாத்தனீங்களாம்.”

“அது பகிடி பிள்ளை.”

“இன்னொருக்காப் பாருங்கோ. எனக்கு முன்னால எண்ணுங்கோ.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பொருத்தம் பார்க்கும்போது அவருடைய பெருவிரல் மற்ற விரல்களின் கணுவைத் தொட்டுத் தொட்டு ஓடும். இப்போது அது அசையவில்லை.

“கப்பல்ல பிறந்தவளுக்கு எப்பிடிப் பாக்கிறது?” என்றார். “அவளுக்குக் குறிப்பே எழுதேலாது.”

“அப்ப சனிக்கிழமை ஆரின்ர குறிப்பைப் பாத்தனீங்கள்?”

ரயில் வந்தது. யன்னல்கள் ஆடின. அது போய் முடியும்வரை இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“உன்ரயை” என்றார்.

“அவர் சொல்லேக்கையே தெரியுமோ?”

“ரோகிணி எண்டு வாயெடுக்கவே தெரியும். மற்றது தன்ரதான் எண்டதும் தெரியும். சொல்லேக்கை அந்தப் பெடியன் என்ர முகத்தைப் பாக்கேல்லை.”

“பிறகேன் கழுத்து எண்டனீங்கள்?”

“அவை வேற ஆக்கள் பிள்ளை. இந்தியாவில இருந்து வந்த வியாபாரக் குடும்பம். எங்கட ஆக்கள் என்ன சொல்லுவினம்? கனடாவில பெரியப்பா என்ன சொல்லுவார்?”

கோரிக்கையோடு வருகிறவர்கள் சொல்லும் முதல் காரணத்தை நான் எழுதிக்கொள்வேன், ஆனால் பேனையை மூட மாட்டேன். இரண்டாவது காரணம் வரும்வரை பேசாமல் இருப்பேன். அன்றும் அப்படியே இருந்தேன். பெரியப்பாவின் முகத்துக்காக அப்பா பொய் சொல்லுகிற ஆள் இல்லை. சொந்தத் தங்கைக்கே பொய் சொல்லாதவர்.

“அவரின்ர அம்மா நான் சாகப்போறன் எண்டு நினைச்சு அழுதவ. தெரியுமோ?” என்றேன்.

அப்பா டெப்பை மேசையில் கவிழ்த்து வைத்தார். “கொம்மா போனாப் பிறகு இந்த வீட்டில கதைக்க நீ ஒராள்தான். நீயும் போயிட்டியெண்டா நான் ஆரோட இருக்கிறது?”

எனக்குக் கோபம் வந்தது. பாவமாகவும் இருந்தது. பாவமாக இருந்ததால் கோபம் இன்னும் கூடியது. விக்ரமனின் இலக்கத்தை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, போனை அவருக்கு முன்னால் வைத்தேன்.

“நீங்களே சொல்லுங்கோ.”

“அருந்ததி?” என்றது போன்.

“தம்பி, நான் சிவபாதசுந்தரம்.”

“சொல்லுங்க அங்கிள்.”

அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்னிடம் எதையோ கேட்டார். பிறகு போனுக்குக் கிட்டக் குனிந்தார்.

“சனிக்கிழமை பாத்தது… உத்தரம் வயித்து ரச்சு. நான் கழுத்தெண்டு சொல்லிப்போட்டன். வயசு போயிட்டுது தம்பி. எண்ணினதில பிழை விட்டிட்டன்.”

எண்ணினதில் பிழை விட்டதாக அப்பா சொல்லி நான் கேட்டதே இல்லை. விட்டதும் இல்லை. இதுவும் பொய். என் வாய் வரை வந்தது. ஆனால் தன் கணக்குப் பிழைக்காது என்ற ஒரே பெருமையை அவர் தானாகவே கழற்றிப் போனுக்கு முன்னால் வைத்திருந்தார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக, பொய் என்று தெரிந்துகொண்டே ஒரு கோரிக்கையை விசாரிக்காமல் விட்டேன்.

விக்ரமன் உடனே நம்பிவிடவில்லை. அவனும் இரண்டு வருடமாக எங்களோடு இருந்து ஒவ்வொரு வசனத்தையும் சந்தேகப்பட்டுப் பழகியவன்.

“எண்ணினதுலயா பிழை, அங்கிள்?”

“ஓம் தம்பி. எண்ணினதிலதான்.”

“அப்போ பொருத்தம்?”

“இருக்கு. செவ்வாய்க்குச் செவ்வாயும் இருக்கு.” அப்பா தொண்டையைச் செருமினார். “சனிக்கிழமை வாரும். உம்மட அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாரும்.”

அந்தப் பக்கம் ஏதோ விழுந்து உடைகிற சத்தம் கேட்டது. “அம்மா” என்று அவன் உள்ளே பார்த்துக் கூப்பிட்டான். நான் போனை எடுத்து, பிறகு கதைக்கிறேன், உங்களோடு எனக்குக் கணக்கு ஒன்று இருக்கிறது என்று சொல்லி வைத்தேன்.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். டெப்பை நிமிர்த்தினார். அந்த ரசிகன் இன்னும் கதவைப் பற்றி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தான். அப்பா அவனை நிறுத்தினார்.

“அவள் கதவைத் திறக்கத்தான் வேணும்” என்றார், என்னைப் பார்க்காமல். “அந்தக் கம்ப்யூட்டர் பொய்தான் சொல்லுது. எனக்கு அது முதலே தெரியும்.”