நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக் கழுகு

1

ஒரு புத்தகத்துக்குப் பொருளடைவு, அதாவது எந்தச் சொல் எந்தப் பக்கம் என்ற பட்டியல், தயாரிக்க உட்கார்ந்த இடத்தில் இந்தக் கதை பிறந்தது. ஒஹாயோவில் எங்கள் வட்டாரப் பழந்துப்பாக்கிச் சேகரிப்பாளர் சங்கத்தில் நான் இருபது வருட உறுப்பினன். என்னிடம் இருப்பது ஒரே ஒரு துப்பாக்கி. துப்பாக்கிகளைப் பற்றிய புத்தகங்கள் நாற்பது. அதற்காகச் சங்கத்தில் யாரும் என்னைக் கேலி செய்வதில்லை. (செய்வார்கள். ஆனால் ஒரு சந்தேகம் என்றால் என் வீட்டுக்குத்தான் ஓடி வருவார்கள்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: "1864. குண்டுமழைக்கு நடுவே தனியாக ஒரு குதிரைவீரன்…"

வேண்டாம். எனக்குப் போரும் தெரியாது, குதிரையும் தெரியாது. மடக்கு மேசைகளும் அவற்றின் மேல் விரித்த பச்சைத் துணியும் தெரியும். லோவெலைத் தெரியும்.

2

லோவெல் டீக், ஓய்வுபெற்ற குழாய்ப் பணியாளர். ஹார்ல்மன் என்ற சின்னத் தொழிற்சாலை மூன்றே வருடம் செய்த குதிரைப்படைக் குட்டைத் துப்பாக்கிகள் என்றால் அவருக்குப் பைத்தியம். அவற்றைப் பற்றி உலகத்தில் ஒரே ஒரு புத்தகம் உண்டு. கிளேட்டன் ரூப்பர்ட் எழுதியது, பச்சை அட்டை. லோவெல் அதை மழை படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டே வெளியே எடுத்துப் போவார்.

வெளியாட்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். நூற்றைம்பது வருடப் பழைய துப்பாக்கி பேசாது. எந்த எண் எந்த மாதம் வெளிவந்தது, எந்தத் திருகு பிறகு மாற்றப்பட்டது, யார் சோதித்து முத்திரை குத்தினார் என்று புத்தகம் சொன்னால்தான் அதற்கு ஒரு ஊரும் பேரும் வரும். இல்லாவிட்டால் அது துருவும் கட்டையும்தான். எங்கள் கண்காட்சியில் எந்த வாக்குவாதமும் "புத்தகம் என்ன சொல்லுது?" என்ற கேள்வியோடு அடங்கிவிடும்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் சோதனையாளர் முத்திரையின் புகைப்படம் இருக்கிறது. துப்பாக்கியின் மரப்பிடியில் குத்திய, கட்டைவிரல் நகம் அளவுக் கழுகுத் தலை. இடது பக்கம் பார்க்கிறது.

3

பதினோரு வருடங்களுக்கு முன் நடீன் போஹாசெக் தன் அப்பாவின் துப்பாக்கியைத் துண்டில் சுற்றி எங்கள் கண்காட்சிக்கு எடுத்துவந்தாள். அப்பா எமில் அந்தக் குளிர்காலத்தில்தான் இறந்திருந்தார். தன் கொள்ளுத்தாத்தா உள்நாட்டுப் போரிலிருந்து தோளில் மாட்டி வந்தது என்று மகளிடம் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார்.

அதிலிருந்த கழுகு வலது பக்கம் பார்த்தது.

அன்று கூடத்தில் லோவெல் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். வருகிறவர்களின் பொருளை எல்லோர் முன்னிலையிலும் பார்த்துச் சொல்வது எங்கள் வழக்கம்.

"இது யாரோ பின்னாடி குத்தின முத்திரைம்மா. அசல் இல்ல."

"அப்ப எங்கப்பா பொய் சொன்னாருங்கறீங்களா?"

"நான் சொல்லலம்மா. புத்தகம் சொல்லுது."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "எமில் பிடிச்ச மீனே வருஷத்துக்கு ஒரு அடி வளருமே, துப்பாக்கிக்கு என்ன!"

கூடமே சிரித்தது. நடீன் துண்டை மறுபடி சுற்றிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த மாதம் ஊர் நாடகக் குழுவுக்கு அதைக் கொடுத்தாள். அவர்கள் வெள்ளிச் சாயம் பூசினார்கள். அப்பா சொன்ன வேறு எதையும் அதன்பின் அவள் தன் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. எது நிஜம், எது அளப்பு என்று அவளுக்குத் தெரியவில்லை.

4

இந்த வருடம் சங்கம் அந்தப் பச்சைப் புத்தகத்தின் மூன்றாம் பதிப்புக்கு ஏற்பாடு செய்தது; பொருளடைவு என் வேலை. கிளேட்டனின் மகள் ஒரு செருப்புப் பெட்டி நிறையப் பழைய நெகட்டிவ்களை லோவெலிடம் கொடுத்தாள். அவர் சமையலறை ஜன்னலில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார்.

படச்சுருளின் ஓரத்தில் சின்னதாக எண்கள் இருக்கும். எண்கள் நேராகத் தெரியும்படி பிடித்தார். கழுகு வலது பக்கம் பார்த்தது. திருப்பினார். கழுகு இடது பக்கம் பார்த்தது, எண்கள் கண்ணாடியில் தெரிவதுபோல் தலைகீழ்…

(இல்லை, தலைகீழ் இல்லை. இடவலம் மாறி. பொருளடைவு போடுகிறவன் இதில் தவறக்கூடாது.)

அச்சகத்தில் யாரோ நெகட்டிவைப் புரட்டி வைத்துவிட்டார்கள். படம் எடுத்த துப்பாக்கியைக் கிளேட்டன் அச்சுக்கு முன்பே விற்றுவிட்டதால், புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட அவரிடம் எதுவும் இல்லை. போலி செய்கிறவர்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்து முத்திரை வெட்டினார்கள். இடது பார்க்கும் கழுகுகள் பெருகப் பெருக, புத்தகம் சரி என்பதற்குச் சாட்சிகளும் பெருகின. முப்பத்துநான்கு வருடம். லோவெல் அலமாரியிலேயே அப்படி மூன்று நிற்கின்றன.

அவர் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "எமில்" என்றார்.

5

முதல் வரைவில் கிளேட்டன் இறந்துவிட்டிருந்தார். எனக்கு அது வசதியாக இருந்தது. செத்தவர் புத்தகத்தைத் திருத்தினால் யாருக்கும் வலிக்காது. லோவெலுக்குத் தப்பிக்க வழி வைப்பதற்காக ஒரு மனிதரைக் கொன்றிருக்கிறேன் என்று புரிந்ததும் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

ஆகவே கிளேட்டனுக்கு வயது தொண்ணூற்றொன்று. முதியோர் இல்லத்தில் மடியில் பச்சைப் புத்தகத்தோடு இருக்கிறார். லோவெல் போய் எதிரில் உட்கார்ந்தார்.

"என்னடா, எதுல ஓட்டை கண்டுபிடிச்ச? மூஞ்சியே சரியில்லையே."

"ஒண்ணுமில்ல. சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"முப்பத்துநாலு வருஷம்டா. ஒருத்தன்கூட ஒரு பக்கத்தத் தப்புன்னு சொன்னதில்ல. பொண்டாட்டியே என்னை அவ்வளவு நம்பினதில்ல." கிழவர் இருமும்வரை சிரித்தார்.

லோவெல் சட்டைப் பையிலிருந்த நெகட்டிவைத் தொட்டார். எடுக்கவில்லை. அவர் கோழை என்று எழுதினேன், அடித்தேன். அந்த இடத்தில் நான் மட்டும் எடுத்திருப்பேனா?

6

அங்கிருந்து நேராக நடீன் வீட்டுக்குப் போனார்.

"உங்கப்பா சொன்னது நிஜம்மா. தப்பு எங்க புத்தகத்துல." நெகட்டிவை நீட்டினார்.

அவள் அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தார். (நானும் நினைத்தேன். அழுகிற பத்தி ஒன்றுகூடத் தயாராக வைத்திருந்தேன்.)

"அன்னிக்கு எத்தனை பேர் இருந்தாங்க லோவெல்?"

"இருநூறு பேர் இருக்கும்."

"மைக்ல சொன்னீங்க."

"ஆமா."

"இன்னிக்கு என் வாசல்ல வந்து காதோட சொல்றீங்க. எங்கப்பாவைப் பார்த்துச் சிரிச்சது அந்த இருநூறு பேரும்தானே? அங்க வந்து சொல்லுங்க. நான் வர்றேன்."

"சனிக்கிழமை கிளேட்டனுக்குப் பாராட்டும்மா. முன்வரிசையில உக்காந்திருப்பார்."

"எங்கப்பாவுக்கு எந்த வரிசையும் இல்ல" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

7

முடிவுகள் என்னிடம் மூன்று இருந்தன. லோவெல் எல்லாவற்றையும் சொல்கிறார், கிளேட்டன் புத்தகத்தை மூடிவிடுகிறார். லோவெல் சொல்லவில்லை, புதுப் பதிப்பில் படம் மட்டும் ஓசையில்லாமல் திரும்பிக்கொள்கிறது. மூன்றாவதில் கிளேட்டனே எழுந்து ஒப்புக்கொள்கிறார். அது அழகாக இருந்தது, அதனாலேயே நம்ப முடியவில்லை. மூன்றையும் எடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை. கூடம் நிறைந்திருக்கிறது. முன்வரிசையில் சக்கர நாற்காலியில் கிளேட்டன், விழாவுக்கென்றே வாங்கிய புது டையோடு. நடீன் பிள்ளைகள் இருவரோடு சுவரோரம் நிற்கிறாள், உட்காரவில்லை. லோவெல் மைக்கை வாங்குகிறார்.

"நூத்திப் பன்னெண்டாம் பக்கம்…" என்கிறார். அதற்கு மேல் குரல் வரவில்லை. கிளேட்டன் பக்கம் பார்க்கிறார். சுவரோரம் பார்க்கிறார்.

இந்த இடத்தில் எழுத்தாளன் கைகொடுக்க வேண்டும். என்னால் முடியவில்லை. இத்தனை பக்கமும் ஒரு விஷயத்தை உங்களிடம் மறைத்தேன். அந்த மீன் கிண்டலைச் சொன்னது நான். சொன்னதற்கு விழுந்து விழுந்து சிரித்தவனும் நான்தான். இன்றும் அதே பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

லோவெல் காத்துக்கொண்டிருக்கிறார், யாராவது முதலில் எழுந்து அன்றைக்குத் தான் செய்ததைச் சொன்னால் அவருக்குக் குரல் வந்துவிடும். நான் எழுந்தேனா இல்லையா என்பதை நான் சொன்னால் நீங்கள் நம்பக்கூடாது. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.