ஷூவோடு வரவும்

வியாழக்கிழமை சாயங்காலம் சபை வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்ததிலிருந்து கிருபாராணிக்கு மூக்குக்கு மேல் கோபம். வருகிற ஞாயிறு கோயிலைச் சுற்றிப் பார்க்க வெளியாட்கள் வருகிறார்களாம். வாசல் மண்டபத்தில் செருப்புக் குவியல் கிடக்கக் கூடாது என்று சர்ச் நிர்வாகம் கேட்டுக்கொண்டதாம். ஆகவே அனைவரும் ஷூவோடு உள்ளே வரவும். செய்தியைப் போட்டவர் சபைச் செயலாளர் ஜீவரத்தினம், அவளுடைய வீட்டுக்காரர்தான். அடுத்த நிமிடமே ஆளாளுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டார்கள். ஏன் என்று கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

"நீங்களாவது முடியாதுன்னு சொல்லிருக்கலாம்ல," என்று ஞாயிற்றுக்கிழமை ஃப்ரீவேயில் ஏறும்போது மறுபடி ஆரம்பித்தாள். ஒரே ஒரு நாள்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கொள் என்றார் ஜீவரத்தினம். கண் ரோட்டை விட்டு நகரவில்லை. கோயில் பொறுப்பாளர் வெள்ளைக்காரி சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுவீர்கள், வீட்டில் மட்டும்தான் குரல் எழும்பும் என்று அவள் சொன்னாள். அவர் ஏசியைக் கூட்டி வைத்தார். அவருக்குத் தெரிந்த பதில் அதுதான்.

கோயில் ஹூஸ்டனுக்கு வெளியே ஒரு மேய்ச்சல் நிலத்தின் நடுவே இருக்கிறது. டெக்சஸில் முளைத்த கோயில் இல்லை அது. இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்தில் அறுநூறு வருஷத்துக்கு முன்னால் கட்டியது. கூரை இடிந்து, சபையும் கலைந்து கிடந்ததை ஓர் எண்ணெய்ப் பணக்காரர் விலைக்கு வாங்கி, கல் கல்லாகப் பிரித்துக் கப்பலில் கொண்டுவந்து இங்கே எழுப்பிவிட்டார். கனத்த சுவர், குறுகலான ஜன்னல், தரையில் கல்லறைக் கற்கள். காலையில் வெள்ளைக்காரர்களின் ஆராதனை, மதியம் தமிழ் ஆராதனை.

சாயர்புரத்தில் பிறந்து வளர்ந்த கிருபாராணிக்குக் கோயிலுக்குள் செருப்புப் போட்டு வரலாமா என்ற கேள்வியே கிடையாது. இங்கே வந்த முதல் நாளே வாசல் மண்டபத்தில் செருப்பைக் கழற்றியவள் அவள்தான். அவளைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள். உள்ளே நடுப்பாதையில் ஆலிஸ் என்று பெயர் வெட்டிய கல்லறைக் கல் ஒன்று உண்டு. கல் மட்டும்தான் வந்தது, எலும்பு இங்கிலாந்திலேயே கிடக்கிறது என்று சபைப் பெண் ஸ்டெஃபி ஒருமுறை சொல்லிச் சிரித்தாள். ஆள் இல்லாவிட்டால் என்ன, பெயர் இருக்கிறதே என்று கிருபாராணி ஒரு போடு போட்டாள். அதற்கப்புறம் பிள்ளைகள்கூட அந்தக் கல்லை மிதிக்காமல் சுற்றித்தான் நடந்தார்கள்.

அதனால்தான் இத்தனை கோபம். அறுப்பின் பண்டிகை விருந்துக்கு எங்கள் பிரியாணி வேண்டும், அவர்கள் வெப்சைட்டில் போட எங்கள் பட்டுப் புடவை வேண்டும், எங்கள் செருப்பு மட்டும் கண்ணில் படக் கூடாதா? பொறுப்பாளர் மிஸஸ் ஹார்லனிடம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று இருந்தாள்.

பார்க்கிங்கில் கார் நின்றதும் இறங்கி விறுவிறுவென்று நடந்தாள். ஜீவரத்தினம் பின்னாலிருந்து கூப்பிட்டார். திரும்பவில்லை. தமிழ்ச் சபையார் ஒவ்வொருவராக ஷூ தட்தட்டென்று ஒலிக்க உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தமே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. வாசல் மண்டபத்தில் செருப்பைக் கழற்றி நட்ட நடுவில் வைத்தாள். ஓரமாகக்கூட வைக்கவில்லை.

மிஸஸ் ஹார்லன் விருந்தாளிகளுக்குக் கொடுக்க ஒரு கட்டுக் காகிதத்தோடு நின்றிருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். எங்கள் செருப்பு உங்களை என்ன செய்தது என்று கிருபாராணி ஆங்கிலத்தில் நேராகவே கேட்டுவிட்டாள். கடவுள் முன்னால் வெறுங்காலோடு நிற்பது உங்களுக்கு அசிங்கமாகத் தெரிகிறதா என்றும் கேட்டாள்.

அந்த அம்மாள் முதலில் விழித்தார். பிறகு முகம் வாடிவிட்டது. தான் அப்படிக் கேட்கவே இல்லை என்றார். விருந்தாளிகள் வரும் நாளில் சபையார் ஷூ போட்டு வருவார்கள் என்று போன வாரம் வந்து சொன்னது மிஸ்டர் ஜீவாதான். வேண்டாமே, அந்தச் செருப்பு வரிசையைப் பற்றித்தானே வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வேன் என்று அந்த அம்மாள் சொல்லிப் பார்த்தாராம். சபையே அதைத்தான் விரும்புகிறது என்று ஜீவா உறுதியாகச் சொன்னதால் விட்டுவிட்டாராம். சொல்லி முடித்து, உனக்குத் தெரியாதா என்று மெதுவாகக் கேட்டார்.

கிருபாராணிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று நாளாக ஒரு பாவமும் அறியாத கிழவியைத் திட்டித் தீர்த்திருக்கிறாள். பக்கத்திலேயே உட்கார்ந்து அதையெல்லாம் கேட்டுக்கொண்டு ஏசியைக் கூட்டி வைத்தாரே மனுஷன்! மன்னிக்கச் சொல்லி அந்த அம்மாளின் கையைப் பிடித்தாள். பிறகு கணவரைத் தேடிப் போனாள்.

ஜீவரத்தினம் கோயில் சுவரோரம் நின்றிருந்தார். அவள் வருகிற வேகத்திலேயே விஷயம் வெளியே வந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். முகத்தில் ஈயாடவில்லை.

"யாருங்க வராங்க இன்னைக்கு?"

"கிருபா, வீட்ல போய் பேசிக்கலாம்."

"யாரு வராங்கன்னு கேட்டேன்."

"என் மேனேஜர். ஃபேமிலியோட. நான்தான் இன்வைட் பண்ணேன்." குரல் இறங்கிவிட்டது. "கல்யாண மண்டப வாசல் மாதிரி செருப்பு குவிஞ்சு கெடந்தா என்ன நெனப்பாரு? புரிஞ்சுக்கோ. இன்னைக்கு மட்டும் போட்டுக்கோயேன், ப்ளீஸ்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை.

"செருப்பப் பாத்து வெக்கம்னா சரி, அத ஒளிச்சு வெக்கலாம். அத கழட்டிட்டு நிக்கிற நான் உங்க பொண்டாட்டி. என்னை எங்க ஒளிச்சு வெப்பீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். உயரமான மனிதர், கூட மனைவியும் மகளும். ஜீவரத்தினத்தின் முகத்தில் உடனே ஒரு சிரிப்பு வந்தது. ஆபீஸ் சிரிப்பு அது, வீட்டில் அவள் பார்த்தறியாதது. எல்லோரும் மண்டபத்துக்கு வந்தார்கள். நடுவில் கிடந்த ஒரு ஜோடிச் செருப்பையும் கிருபாராணியின் வெறுங்காலையும் மேனேஜர் மாறி மாறிப் பார்த்தார். நாங்களும் ஷூவைக் கழற்ற வேண்டுமா என்று மரியாதையாகவே கேட்டார்.

"நோ, நோ," என்றார் ஜீவரத்தினம் அவசரமாக. இங்கே யாரும் அப்படிச் செய்வதில்லை, அது அவரவர் இஷ்டம், யாரோ ஓரிருவர் ஊர்ப்பழக்கத்தில் செய்வது என்று அசடு வழிந்தார்.

யாரோ ஓரிருவர். கிருபாராணி ஓர் அடி முன்னால் வந்தாள்.

"நான் ஜீவாவின் மனைவி," என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள். "எங்கள் சபை முழுவதும் கழற்றும். இன்றைக்கு நீங்கள் வருகிறீர்கள் என்று அவர்தான் எல்லோரையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். நீங்கள் எப்படி வேண்டுமானாலும் வரலாம்."

மேனேஜர் ஜீவரத்தினத்தைப் பார்த்தார். ஜீவரத்தினம் தரையைப் பார்த்தார். குனிந்து தன் ஷூ லேஸை அவிழ்க்க அவருக்கு நேரம் இருந்தது. அவள் காத்து நின்றாள். அவர் குனியவில்லை.

கிருபாராணி முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு உள்ளே போய் வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்தாள். முதல் பாட்டு தொடங்கும்போது அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், ஷூவோடு. அவள் பாட்டை நிறுத்தாமல், நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.