அண்ணி எரித்த உருவங்கள்

என் அண்ணி கிசெல்லா ஒரு சிற்பி. தலைவர்களையோ கதிர் அறுக்கும் பெண்களையோ அவள் செய்யவில்லை. பேரிக்காய் மரத்தில் வளைவும் குழிவுமாக, இன்னதென்று பெயர் சொல்ல முடியாத உருவங்களைச் செதுக்கினாள். அந்த மாதிரிச் சிற்பத்துக்கு அரசாங்கக் கண்காட்சிகளில் இடமில்லை. அதனால் ஒரு தொழிற்சாலையில் துணிக்கடைப் பொம்மைகளுக்கு முகம் வரைந்து பிழைத்தாள். என் அண்ணன் போரிலிருந்து திரும்பாததால், புடாபெஸ்டில் என்னோடும் என் கணவரோடும்தான் இருந்தாள்.

உருவங்களெல்லாம் நிலவறையில் கிடந்தன. கட்டடக் காவல்காரி பாகோஷ் அம்மாள் பார்க்கும்போதெல்லாம் சீண்டுவாள்.

"ஏம்மா கிசெல்லா, இது தொடையா, ரொட்டியா?"

"உங்களுக்குப் பசிச்சா ரொட்டி," என்பாள் அண்ணி.

ஐம்பத்தாறு நவம்பரில், அரசாங்கத்தை எதிர்த்துக் கிளம்பிய மக்களை ஒடுக்க ருஷ்ய டாங்கிகள் நகருக்குள் வந்தன. என் கணவர் ஆஸ்திரியாவுக்குத் தப்பிப் போனார். என்னை அழைத்துப்போக ஆள் அனுப்புவதாகச் சொன்னார், அனுப்பவில்லை. டிசம்பரில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுரங்கங்களில் வேலைநிறுத்தம், எங்கும் கரி இல்லை. குழந்தைக்குச் சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. அறையைச் சூடாக வைக்காவிட்டால் தாங்காது என்றார் டாக்டர்.

அண்ணி ரம்பத்தை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினாள். பதற்றத்தில் எதுவும் நினைவில்லாமல், நாற்காலிகளை எரிக்கலாமே என்று தடுத்தேன். அவை ஏற்கெனவே அடுப்புக்குப் போய்விட்டதை நினைவூட்டினாள்.

"இத்தனை வருஷ உழைப்பு அண்ணி..."

"நல்லாக் காஞ்ச மரம். நீ புள்ளையப் பாரு."

ஒவ்வொன்றையும் அறுக்கும் முன் கையால் ஒருமுறை தடவினாள். அழவில்லை. மெழுகு பூசிய மரம் சட்டெனப் பற்றியது. பாகோஷ் அம்மாள் எங்களுக்குச் சாப்பிட ஒரு கிண்ணம் பன்றிக்கொழுப்போடு வந்து அடுப்பருகே உட்கார்ந்தாள்.

குழந்தை பிழைத்தது. அண்ணி நெடுநாள் உளியைத் தொடவில்லை. நான் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுவாள். ஒருநாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது அவளே சொன்னாள்.

"உன்மேல கோபமில்ல. ஆனா சில நாள் அந்தப் புள்ள முகத்தப் பாக்கப் பிடிக்கல. அதுக்கு என்னை மன்னிச்சிடு."

அவள் கையிலிருந்த கத்தியை வாங்கி மீதியை நானே உரித்தேன்.

அதன்பின் இரும்பைப் பற்றவைத்து ஒட்டும் வேலையைக் கற்றுக்கொண்டு இரும்பில் சிற்பம் செய்யத் தொடங்கினாள். அரசாங்கக் கெடுபிடி கொஞ்சம் தளர்ந்தபோது, நகரத்து ஓரத்தில் ஒரு கலாச்சார மன்றம் அவளுக்குக் கண்காட்சி வைத்தது. எரிந்துபோனவற்றைத் திரும்பச் செய்து தரச் சொன்னார்கள். முடியாது என்றுவிட்டாள்.

அவள் இறந்த பிறகு வெளியூர் அருங்காட்சியகம் ஒன்று சிற்பங்களை எடுத்துப்போனது. எங்கள் முற்றத்தில் வைத்தே அவள் செய்த மிகப் பெரியது மட்டும் கட்டட வாசல் வழியே வெளியே போகவில்லை. அது அங்கேயே நிற்கிறது. குடியிருப்பவர்கள் அதில் துணி காயப்போடக் கொடி கட்டியிருக்கிறார்கள்.