ஏழுக்குக் குரல் கொடுத்தவள்

எங்கள் வேனில் பன்னிரண்டு இருக்கைகள் உண்டு. ஆனால் இப்போது பதினொரு பயணிகளுக்கு மேல் ஏற்றுவதில்லை. ஏழாம் எண் இருக்கையில் பைகளைப் போட்டுவிடுவோம். அதன் முதுகில் ஒட்டியிருந்த எண்ணைக் கம்பெனிக்காரர்கள் சுரண்டி எடுத்துவிட்டார்கள். பசை போகவில்லை. அதில் தூசி படிந்து, முன்பைவிடத் தெளிவாக ஏழு தெரிகிறது.

மூன்று நாள் சாகசப் பயணம். இரண்டு நாள் மலை, ஒரு நாள் பாலைவனம், பதினெட்டு முதல் முப்பது வயது வரை உள்ளவர்களுக்கு மட்டும். நான்தான் குழுத்தலைவி. தலைவி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பாத்ரூம் எங்கே, சார்ஜர் எங்கே, சிக்னல் ஏன் வரவில்லை என்ற மூன்று கேள்விக்கு நாள் முழுக்கப் பதில் சொல்கிற உத்தியோகம்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும், வண்டி கிளம்பும் முன், அவரவர் இருக்கை எண்ணை வரிசையாகச் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வந்ததும் டிரைவர் அண்ணன் கியர் போடுவார். ஓர் ஆள் வரவில்லை என்றால், பக்கத்தில் இருப்பவர் அந்த எண்ணோடு 'இல்லை' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். 'இல்லை' காதில் விழுந்தால் அண்ணன் இன்ஜினையே அணைத்துவிடுவார். அதற்குப் பிறகு எந்த ராஜா வந்து சொன்னாலும் வண்டி நகராது.

போன வருடம் ஏழாம் இருக்கையில் ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். சரியான தூங்குமூஞ்சி. ஏறி உட்கார்ந்த அடுத்த நிமிடம் பெரிய பச்சைப் போர்வைக்குள் போய்விடுவாள். அவள் முறை வரும்போது வண்டியே காத்திருக்கும். முதல் நாள் இரண்டு முறை கத்தி எழுப்பினேன். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. மூன்றாவது முறை, நானே முன் இருக்கையிலிருந்து அவளைப் போலக் குரலை இழுத்து "ஏழு" என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்படியே பழகிவிட்டது.

மலை முடிந்து பாலைவனத்துக்கு இறங்கும் இடத்தில் மூடிக் கிடக்கும் ஒரு செக்போஸ்ட் இருக்கிறது. அங்கே பத்து நிமிடம் நிறுத்துவோம். அன்றும் நிறுத்தினோம், எண்ணினோம், ஏழுக்கு நான் குரல் கொடுத்தேன். இருக்கையில் பச்சைப் போர்வை குவிந்திருந்தது. இரண்டரை மணி நேரம் கழித்து, கீழே கூடாரத்தில், போர்வையை இழுத்துப் பார்த்தபோது உள்ளே யாரும் இல்லை.

அவள் கட்டடத்துக்குப் பின்னால் போயிருக்கிறாள். திரும்பி வரும்போது வேன் கீழே வளைவில் போவது தெரிந்திருக்கிறது. சாலை பத்தொன்பது கொண்டை ஊசி வளைவுகளாகச் சுற்றிச் சுற்றி இறங்கும். நேராகச் சரிவில் இறங்கினால் பிடித்துவிடலாம் என்று ஓடியிருக்கிறாள். மறுநாள் காலையில் வறண்ட ஓடை ஒன்றில் அவள் உடலைக் கண்டெடுத்தார்கள்.

விசாரணையில், "ஏழுன்னு சத்தம் கேட்டுச்சு, யாரு சொன்னதுன்னு தெரியல" என்று சொன்னேன். வண்டியில் இருந்தவர்களும் சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். பாதிப் பேர் காதில் பாட்டு மாட்டியிருந்தவர்கள். வேலையை விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். விட்டால் ஏன் விட்டாய் என்று கேட்பார்களே! அதற்குப் பயந்துதான் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

அதன் பிறகு எட்டுப் பயணம் போய்விட்டேன். ஒவ்வொரு முறையும் ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே, மூச்சு விடும் நேரத்தில், ஏழு என்று கேட்கிறது. அவள் குரலாக இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கேட்பது என் குரல், இழுத்துக் கேலி செய்கிற அதே குரல். செக்போஸ்டைத் தாண்டி இறங்கும்போது சரிவின் உச்சியில் ஓர் உருவம் நிற்பதும் தெரியும். டிரைவர் அண்ணனிடம் ஒருமுறை சொன்னேன். அவர் கண்ணாடியைப் பார்க்காமலே, "பாறையா இருக்கும்மா" என்றார்.

இந்த முறை பயணிகளின் படிவங்களைப் புரட்டியபோது கை நின்றுவிட்டது. பன்னிரண்டாம் இருக்கை, இருபத்தொன்பது வயது, பல் டாக்டர். அவசரத்துக்குத் தொடர்புகொள்ள அப்பாவின் தொலைபேசி எண். அந்த எண் எனக்கு மனப்பாடம். போன வருடம் அதற்கு மூன்று முறை போன் செய்து, மூன்றாவது முறைதான் வாயைத் திறந்தேன்.

முதல் நாள் காலையில் எண்ணும்போது, ஆறுக்குப் பிறகு பதினொன்றாம் இருக்கைப் பையன் கீச்சுக் குரலில் "ஏழு!" என்றான். ஓயாத வாய் என்பதால் அதற்குள் அவனுக்கு மைக்செட் என்று பெயர் விழுந்திருந்தது. நான் திரும்பிக் கத்திய கத்தலில் ஜன்னல் அதிர்ந்தது.

"ஸாரிக்கா, சும்மா ஜோக்குக்கா" என்றான் பாவம்.

டாக்டர் மட்டும் ஏழாம் இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. மதியம் விடுதிச் சமையலறையில், அடுப்புக்கு மேலே கயிறு கட்டி எல்லோருடைய காலுறைகளையும் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் வந்து தன்னுடையதையும் நீட்டினாள்.

"நான் யாருன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்" என்றேன். வேறு என்ன சொல்வது?

"அன்னிக்கு வண்டில வந்த மத்த பதினொரு பேரையும் ஒருத்தர் விடாம தேடிப்போய்ப் பாத்துட்டேன். நாங்க சொல்லலன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. ஆறாம் சீட்டுல இருந்த பையன் மட்டும் முழிக்கறான், அழறான். அவன்தான். ஊருக்குப் போனதும் எழுதிக் குடுக்கப் போறேன். சத்தம் அந்தப் பக்கத்துலருந்துதான் வந்துச்சுன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

அந்தப் பையனை எனக்கு நினைவிருக்கிறது. தேடப் போனபோது செருப்பு அறுந்த காலோடு விடியும்வரை எங்களுடன் நடந்தவன். இப்போது அவன் தலையில் இது விழப்போகிறது. நான் வாயைத் திறந்தால் என் தலையில். இவ்வளவுதான் கணக்கு.

"எனக்கு ஞாபகமில்லம்மா" என்றேன். ஒரு காலுறை கைதவறி அடுப்பில் விழுந்து கருகியது. அவளுடையதுதான்.

மூன்றாம் நாள் பதினொரு மணிக்குச் செக்போஸ்டில் நிறுத்தினோம். வெயில் மண்டையைப் பிளந்தது. பத்து நிமிடத்தில் எல்லோரையும் அதட்டி ஏற்றினேன். எண்ணினார்கள். ஆறு. பிறகு என் காதுக்கு மட்டும் ஏழு. எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. அண்ணன் கியர் போட்டார்.

நான்காவது வளைவில், பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். சரிவின் உச்சியில் உருவம் நின்றது.

"அண்ணா, மேல ஆள் நிக்குது."

"முன்னாடியும் இப்படித்தானேம்மா சொன்னீங்க."

"இன்னிக்குக் கையை ஆட்டுதுண்ணா."

அவர் முதல் முறையாகத் தன் பக்கத்துக் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். "எனக்கும் தெரியுதும்மா" என்றார்.

அடுத்த விநாடி எழுந்து பின்னால் போனேன். ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினேன். பத்துத்தான். பன்னிரண்டாம் இருக்கையில் ஒரு பை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அதற்கு டாக்டரின் கோட்டை மாட்டி, தொப்பியும் வைத்திருந்தார்கள்.

"பன்னெண்டு சொன்னது யாரு?"

மைக்செட்டின் முகம் வெளுத்துவிட்டது. "டாக்டர்தான்க்கா சொல்லச் சொன்னாங்க. உங்க அக்கா கண்டுபிடிக்கறாங்களா பாக்கலாம், ஒரு பந்தயம்னாங்க. நான் விளையாட்டுன்னு நெனச்சேன்."

சிக்னல் இல்லை. அந்தச் சாலையில் வண்டியைத் திருப்பவும் இடமில்லை. அண்ணன் பாறையோரமாக ஒதுக்கி நிறுத்தினார். நான் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கியபோது அவரும் இறங்கி வந்தார்.

"அம்மா, அந்தப் பொண்ணு கேட்டா சொல்லிடுங்க" என்றார், தரையைப் பார்த்தபடி. "அன்னிக்கு உங்க பக்கத்துலதானே நானும் இருந்தேன். சத்தம் கேட்டுச்சான்னு கேட்டாங்க, கேட்டுச்சுன்னேன். யாரு சத்தம்னு அவங்க கேக்கல. நானும் சொல்லல. எனக்கும் தூக்கம் போயிடுச்சும்மா."

சாலை வழியாகப் போனால் ஒரு மணி நேரமாகும். போன வருடம் அந்தப் பெண் இறங்கிய சரிவிலேயே ஏறினேன். கால் வைத்த இடமெல்லாம் சரளைக்கல் உருண்டது. இதில் ஒரு பத்தொன்பது வயதுப் பெண், எங்களைக் கூப்பிட்டுக்கொண்டே, அதோ வண்டி, அதோ வண்டி என்று ஓடியிருக்கிறாள். நான் முன் இருக்கையில் உட்கார்ந்து ஆரஞ்சு மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

டாக்டர் செக்போஸ்ட் சுவரின் நிழலில், கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நாப்பத்திரண்டு நிமிஷம்" என்றாள். "பாருங்க, எவ்வளவு சுலபம். அந்தத் தம்பி யோசிக்கவே இல்ல, பல்லைக் காட்டிட்டே சரின்னான். ஆறாம் சீட்டுப் பையனும் இப்படித்தான் சொல்லியிருப்பான். இனிமே எனக்குச் சந்தேகமே இல்ல."

"அந்தப் பையன் இல்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? ஞாபகமில்லன்னீங்க."

"நான்தான் சொன்னேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி விழுங்கிவிடுவேன் என்று தெரியும். "அவ எப்பவும் தூங்குவா. எழுப்பி எழுப்பி எனக்கு அலுத்துப்போச்சு. மூணு நாளும் அவளுக்கு நான்தான் சொன்னேன். அன்னிக்கும் திரும்பிப் பாத்தேன், போர்வை இருந்துச்சு, உள்ள இருக்கான்னு நெனச்சேன். விசாரணைல பொய் சொன்னேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பச்சைப் போர்வையா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"நான் வாங்கிக் குடுத்தது. வேண்டாம் வேண்டாம்னா. இவ்ளோ பெருசு எதுக்குக்கா, ஆள் படுத்திருக்கற மாதிரி இடத்த அடைக்கும்னா. மலைல குளிரும்டின்னு நான்தான் பையில திணிச்சேன்."

அதற்குப் பிறகு அவள் அழுதாள். ஒரு வருடமாகப் பதினொரு வீட்டுக் கதவைத் தட்டியவள், வாயைப் பொத்திக்கொண்டு, சின்னப் பிள்ளையைப் போல அழுதாள். அவளைத் தொட எனக்கு உரிமை இல்லை. தண்ணீர் பாட்டிலை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வெயிலில் நின்றேன்.

கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அப்பாகிட்ட நீங்களே சொல்லணும். நம்பர் உங்ககிட்ட இருக்கு."

"சொல்றேன். எழுதியும் குடுக்கறேன்."

"மன்னிச்சுட்டேன்னு எல்லாம் நெனச்சுக்காதீங்க."

"இல்லம்மா."

சாலை வழியாகவே இறங்கினோம். வேனுக்குள் மைக்செட் அழுது முகம் வீங்கியிருந்தான். டாக்டர் போய்த் தன் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பன்னிரண்டாம் இருக்கையில் உட்கார்ந்தாள். அண்ணன் இன்ஜினைக் கிளப்பிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொருவரும் நேராக நிமிர்ந்து சொன்னார்கள். நான்கு, ஐந்து, ஆறு.

எட்டாம் இருக்கைப் பெண் வாயைத் திறந்தாள். நான் கை காட்டி அவளை நிறுத்தினேன். அந்தக் குரல், என் குரல், எப்போதும்போல் இழுத்துக்கொண்டு வரத் தயாராக இருந்தது. அதற்கு முன்னால் நான் சொன்னேன்.

"ஏழு இல்லை."

டிரைவர் அண்ணன் இன்ஜினை அணைத்தார். சாவியைக் கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.